பட்டை சின்னதாக இருந்த நாள்

பதினொன்றேகால் ஆகியும் ஏகாம்பரம் திரும்பவில்லை என்பதைக் குணசுந்தரி முதலில் ஒரு குறையாக எண்ணவில்லை, சலுகையாகத்தான் எண்ணினாள். கூடத்து மொசைக் தரையில் ஈரத் துண்டை விரித்து, அதன்மேல் மல்லாந்து, வலது முழங்காலை மட்டும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தாள். முப்பத்திரண்டு வருஷம் பெண்கள் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்ற ஒருத்தி இப்படிக் கிடப்பது அழகல்லதான். ஆனால் ஆளில்லாத வீட்டில் அழகுக்கு என்ன வேலை. ஆளில்லாத வீடு. அதை வாய்க்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், கற்கண்டை ஒதுக்குப்புறமாக அடக்கிக்கொள்வதுபோல. பத்தேகாலுக்கு அவர் மிக்ஸி ஜாரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பிளேடு மாற்றி வர, மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரிப்பேர் கடைக்குக் கிளம்பினார். அதிலிருந்து இந்த வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் அறிவிக்கவில்லை. அவர் இருந்தால் அறிவிப்பு ஓயாது. முப்பத்தாறு வருஷம் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டாகத் தனியாக உட்கார்ந்து வந்த மனுஷர், அத்தனை வருஷத்துப் பேச்சையும் சேமித்து வைத்திருந்து இப்போது எடுத்து விடுகிறார் என்பது அவள் கணிப்பு. பால் பாக்கெட் கசியுது குணா. எதிர்வீட்டுக்குத் தண்ணி லாரி வந்திருக்கு குணா. குணா, ஒரு எறும்பு. சமையலறைக்குப் போனால் சமையலறைக்கு, மாடிக்குப் போனால் மாடிப்படிக்கு, பின்னாலேயே வரும் அந்தக் குரல் இப்போது இல்லாததால் மின்விசிறியின் கிறீச் சத்தம்கூட ஒரு நல்ல மனிதரின் அளவான பேச்சாகக் கேட்டது.

அவரைக் குறை சொல்லக் கூடாது. போன வருஷம் சித்திரை வெயிலில் ரேஷன் கடை வாசலில் சுருண்டு விழுந்த பிறகுதான் அவர் வீட்டோடு ஆனார். இதயம் பலவீனம் என்றார் டாக்டர். காலையில் நீர் மாத்திரை, நாள் முழுக்க ஒன்றேகால் லிட்டருக்குமேல் தண்ணீர் கூடாது, உப்பு பாதி, எடை தினமும் பார்க்க வேண்டும். "வெயில் நாற்பதைத் தாண்டற அன்னிக்குப் பத்து மணிக்கு மேல வெளிய விடாதீங்கம்மா. இன்னொரு தடவை இப்படி விழுந்தா என் கையில இல்ல" என்றும் சொன்னார். நாற்பது என்று டாக்டர் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டதில் குணசுந்தரிக்கு ஒரு திருப்தி இருந்தது; எண் என்றால் அவளுக்குப் பழக்கம். அன்றைக்கே கைப்பேசியில் வானிலைச் செயலியை இறக்கிக்கொண்டாள். தமிழில் வைத்துக்கொண்டாள், அதற்கு மறுநாளே வருத்தப்பட்டாள். "41°. 46° போல் உணர்கிறது" என்று போட்டிருந்தது. எது உணர்கிறது? எழுவாய் எங்கே? நாற்பத்தொன்று தன்னை நாற்பத்தாறாக நினைத்துக்கொண்டு தவிக்கிறதா? ஒவ்வொரு நாளுக்கும் எதிரே 'கு' என்றும் 'அ' என்றும் இரண்டு எழுத்து, குறைந்தபட்சமும் அதிகபட்சமுமாம். குணசுந்தரி, அம்மாள் என்று அவளைத்தான் சுருக்கியிருக்கிறார்கள் என்று ஏகாம்பரம் சொன்னார். இரண்டு எழுத்துக்கும் நடுவே வண்ணப் பட்டை ஒன்று. பத்து நாளுக்குப் பத்துப் பட்டை, அடுக்கி வைத்த தீக்குச்சிகள்போல, சில நெட்டை, சில குட்டை. காலை ஐந்தரைக்குக் காபியோடு அதைப் பார்த்து அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அவர் கதவில் சாய்ந்து நின்று கேட்பார். "என்ன டீச்சர், சிக்னல் கிடைக்குமா?" "சிவப்பு." "மஞ்சளாவது போடேன்." "சிவப்புன்னா சிவப்புதான்." பதினைந்து நாளாகச் சிவப்புதான். இன்றைக்குக் கண்ணாடியைத் தேடப் பொறுமையில்லாமல், கைப்பேசியைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். எண்கள் புகைந்தன, பட்டைகள் தெரிந்தன. மற்ற நாட்களின் பட்டைகள் எல்லாம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நீட்டி முழக்க, இன்றைய பட்டை மட்டும் அவற்றில் பாதிதான் இருந்தது. எண்ணைப் படித்துச் சிரமப்படாமல் இருக்கத்தானே படம் போடுவது, வகுப்பில் அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். "பச்சை" என்றாள். "இன்னைக்குப் பட்டை சின்னதா இருக்கு. அந்த ஜாரை எடுத்துட்டுப் போயிட்டு வந்துடுங்க." அவர் ஒரு விநாடி அவளையே பார்த்தார். பிறகு "சரி" என்றார். வழக்கமாக ஏதாவது கூடச் சொல்வார். அந்தச் சரிக்குப் பின்னால் இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

பதினொன்றரைக்கு மாடியில் குடியிருக்கும் மெஹரூன் வடாம் பிழிந்த பிளாஸ்டிக் ஷீட்டைச் சுருட்டி இடுப்பில் இடுக்கியபடி வாசலில் நின்றாள். குணசுந்தரி எழுந்து உட்கார்ந்து துண்டை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். "என்ன டீச்சர், தரையிலயா? உடம்பு சரியில்லையா?" "சும்மா காத்தாட." "காத்தா. எங்க இருக்கு சொல்லுங்க, நானும் வரேன். வடாம் ரெண்டு நாள் ஆகும்னு போட்டேன், ரெண்டு மணி நேரத்துல அப்பளமாட்டம் மொறுமொறுன்னு ஆயிடுச்சு. ராத்திரிகூட இறங்கலயே சூடு. தண்ணித் தொட்டியில கை வெச்சா வெந்நி. தூங்கினீங்களா நீங்க?" தூங்கவில்லை. நான்கு மணிக்குத் தலையணையைத் திருப்பிப் போட்டாள், மறுபுறமும் சூடு. ஐந்து மணிக்கு வெறுங்காலோடு நடந்தால் மொசைக் தரை, விடியாத மொசைக் தரை, இஸ்திரி போட்ட துணிபோல இருந்தது. ஆனாலும் "அதெல்லாம் பழகிடுச்சு. இன்னைக்குப் பகல்ல வெயில் கம்மி, பாரு" என்று கைப்பேசியை நீட்டினாள், கரும்பலகையில் குச்சியை வைக்கும் அதே மணிக்கட்டுத் திருப்பலோடு. மெஹரூன் குனிந்து பார்த்தாள். எட்டாவதோடு நின்றவள், கணவன் ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலையில். "எங்க கம்மி?" "பட்டை சின்னதா இல்ல?" "சின்னதா இருந்தா என்ன டீச்சர், அந்த ஓரத்துலல்ல போய் ஒட்டிக்கிட்டு இருக்கு. பஸ்ஸுல ஒடுங்கி உட்கார்ந்திருந்தாலும் எஞ்சின் பக்கத்து சீட்டுன்னா சுடத்தானே செய்யும்?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். குணசுந்தரி சிரிக்கவில்லை. "சார் எங்க, சத்தமே காணோம்?" "கடைக்குப் போயிருக்கார்." "இந்த வெயில்லயா? ஆட்டோ சொல்லட்டுமா டீச்சர், நம்ம தெரு ஆட்டோதான், ஒரு எட்டுப் பார்த்துட்டு வரலாம்." "வேணாம், வந்துடுவார்" என்றாள். ஆட்டோ சொன்னால் எதற்கென்று சொல்ல வேண்டும். எதற்கென்று சொன்னால், எட்டாவதோடு நின்றவள் ஒரு பார்வையில் படித்ததை முப்பத்திரண்டு வருஷ டீச்சர் படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அப்படி யோசித்து அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அதுதான் காரணம் என்று தெரிந்தது, அதற்குள் மெஹரூனின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டிருந்தது.

கண்ணாடி குளியலறை ஜன்னலில் கிடந்தது. மாட்டிக்கொண்டு பார்த்தாள். கு 32, அ 42. மற்ற நாட்கள் கு 26, அ 42. கு 26, அ 43. அடுத்த வாரம் மழை வரும்போலும், அங்கே 24இல் தொடங்கி 38இல் நின்றது. ஆக, இடது கோடி பத்து நாளில் மிகக் குளிர்ந்த பொழுது, வலது கோடி மிகச் சுட்ட பொழுது. ஒவ்வொரு நாளும் அந்த நீளத்தில் தனக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறது. நெட்டைப் பட்டை என்றால் இரவு குளிர்ந்து பகல் சுட்ட நாள். குட்டைப் பட்டை என்றால் குளிரவே இல்லாத நாள். அவ்வளவுதான். இதற்குப் பெயர் உண்டு, பெயர் தெரியாதவளா அவள்: தினசரி வெப்ப வியாப்தி. ஒன்பதாம் வகுப்பு, இரண்டு மதிப்பெண். அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் வருவது. வெப்பம் வேறு வெப்பநிலை வேறு வெப்ப வியாப்தி வேறு என்று, குழப்பி எழுதிய பெண்களுக்கு அரை மதிப்பெண் குறைத்து, ஓரத்தில் சிவப்பில் சுழித்துவிட்டு, சுழித்த இடத்தை அம்மாவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னவள். அந்த இரண்டு மதிப்பெண் விடையைத்தான் யாரோ பத்து வரியில் படமாக வரைந்து தினம் காலையில் அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள், அவளோ அதை மழையாகப் படித்திருக்கிறாள். ஆம், மழையாக. காலநிலை வரைபடத்தில் மழைக்குத்தான் பட்டை, வெப்பநிலைக்குக் கோடு. உலகத்தில் எந்த ஊரை எடுத்தாலும் அப்படித்தான், சிரபுஞ்சிக்கு நெட்டைப் பட்டை, ஜெய்சல்மேருக்குக் குட்டைப் பட்டை, பட்டை எல்லாமே பூஜ்யத்திலிருந்து எழும், குட்டையென்றால் குறைவு. முப்பத்திரண்டு வருஷம், வருஷத்துக்கு நான்கு பிரிவு, பிரிவுக்கு நாற்பது பெண்கள். ஐயாயிரம் பெண்கள் இருப்பார்கள், பட்டையென்றால் மழை என்று நம்பிக்கொண்டு ஊர் ஊராகக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவர்கள். பதினைந்து நாளாக நெட்டைப் பட்டையைப் பார்த்துச் சிவப்புச் சொன்னதும் தற்செயலாகத்தான் சரி. சரியான விடை, தவறான வழிமுறை, அதற்கு அவள் ஒருநாளும் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை. இன்றைய பட்டைக்குள் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. காலையில் அது தூசி என்று முந்தானையால் துடைத்தாள், போகவில்லை. காலையில் இடது ஓரத்தில் இருந்தது, இப்போது வலது ஓரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இந்த நிமிஷத்து வெப்பநிலை அது. நாற்பது. நாற்பத்தேழு போல் உணர்கிறது. எது உணர்கிறது என்று அன்றைக்கு இலக்கணம் கேட்டாளே, எழுவாய் மேம்பாலத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்து, "நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் தற்போது பதிலளிக்கவில்லை" என்றது ஒரு பெண் குரல், மதிய உணவு முடித்துவிட்டுப் பேசுவதுபோல நிதானமாக. வாடிக்கையாளர். வாடிக்கை என்றால் வழக்கம். வழக்கத்தை ஆள்பவர் வாடிக்கையாளர். சொல் என்னவோ பொருத்தம்தான், அந்த மனுஷருக்கு வழக்கத்தைத் தவிர வேறென்ன ஆளக் கிடைத்தது, மாத்திரை எட்டு மணி, எடை எட்டேகால். மறுபடி அழைத்தாள். இந்த நேரத்திலும் சொல்லை உரித்துக்கொண்டிருக்கும் மனசை ஓங்கி அறையலாம்போல இருந்தது, ஆனால் அறைந்தாலும் அது வேறு சொல்லுக்குப் போகும், பல் வலிக்கும் இடத்துக்கே நாக்கு போவதுபோல. மேம்பாலத்தில் நிழல் கிடையாது. தார் இளகியிருக்கும். அந்தப் பாலத்தில் அவருக்கு ஒரு பழக்கம், நடு உச்சியில் நிற்பார். கீழே சரக்கு ரயில் போனால் பெட்டிகளை எண்ணுவார், எண்ணத் தொடங்கிவிட்டால் கடைசிப் பெட்டியைக் காணாமல் நகர மாட்டார், அதில் கார்டு இருந்தால் கையும் ஆட்டுவார். ஐம்பத்தெட்டுப் பெட்டி. நிலக்கரி வண்டியாக இருந்தால் ஆமை வேகம். கைப்பிடிச் சுவரில் ஒரு கை, மற்ற கையில் மஞ்சள் பை, உதடு மட்டும் அசைகிறது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. நீர் மாத்திரை காலையிலேயே வேலையைத் தொடங்கியிருக்கும், உடம்பில் இருக்கிற தண்ணீரையெல்லாம் வெளியேற்றிவிட்டு நிற்கும். குடிக்கவும் மாட்டார், ஒன்றேகால் லிட்டர் என்று அவள் கோடு போட்ட பாட்டில் வீட்டில் இருக்கிறது, வெளியில் ஒரு வாய் குடித்தால் கணக்குக் குழம்பும் என்று வாயை மூடிக்கொண்டு வருவார், அவ்வளவு ஒழுங்காக அவளே பழக்கிவிட்டிருக்கிறாள். யாராவது ஒருவர் பார்த்து, பெரியவரே என்று கேட்டால் போதும். கேட்பார்களா. மஞ்சள் பையோடு சுவரோரம் சரிந்து கிடப்பவரைப் பார்த்தால் இந்தப் பட்டப்பகலில் என்ன நினைப்பார்கள்? பட்டை அடித்துவிட்டுக் கிடக்கிறார் என்பார்கள். பட்டை. சாராயத்துக்கும் அதுதான் பெயர், நெற்றித் திருநீற்றுக்கும் அதுதான் பெயர், பிரியாணியில் போடுவதற்கும் அதுதான். போதும். போதும் என்று வாய்விட்டே சொன்னாள், கூடத்தில் அது யாரோ அதட்டியதுபோலக் கேட்டது.

பன்னிரண்டு ஐந்து. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வரை போனாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நிறுத்தியிருந்த வேனுக்கு அடியில் நான்கு நாய்கள் இருந்தன. கண்ணாடி குளியலறையில் இருந்தது அவளுக்குத் தெரியாதா காலையில்? இந்தக் கேள்வி எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது, உட்கார்ந்ததும் கிளம்ப மறுத்தது. தெரியும். ராத்திரி முகம் கழுவி அங்கேதான் வைத்தாள், தினமும் அங்கேதான் வைப்பாள், பன்னிரண்டு அடி தூரம். பதினைந்து நாளும் அந்தப் பன்னிரண்டு அடி நடந்து, கண்ணாடி மாட்டி, எண்ணைப் படித்துத்தானே சிவப்புச் சொன்னாள்? ஆம். பட்டையைப் பார்த்துச் சொன்னதாகச் சற்றுமுன் நினைத்தது பொய், எண்ணைத்தான் படித்தாள், பட்டை பக்கத்தில் சும்மா கிடந்தது. அப்படியென்றால் இன்றைக்குக் கால் ஏன் நடக்கவில்லை? தரை சுட்டது. தரை சுட்டதை உள்ளங்கால் சொன்னது, தலையணை சொன்னது, முகம் கழுவிய தொட்டித் தண்ணீர் சொன்னது, இத்தனை சாட்சியையும் விட்டுவிட்டு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு தீக்குச்சியை ஏன் நம்பினாள்? ஏனென்றால் அது போகலாம் என்றது. மாற்றிச் சொல், குணசுந்தரி, சரியாகச் சொல், அரை மதிப்பெண் குறையும்: ஏனென்றால் அவர் போக வேண்டும் என்று நீ விரும்பினாய். பதினான்கு மாசம். உப்பை அளந்து, தண்ணீரை அளந்து, காலில் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்து, ராத்திரி மூச்சுச் சத்தம் மாறினால் எழுந்து உட்கார்ந்து, விடிந்ததும் அந்தக் குரல், குணா ஒரு எறும்பு. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு மணி நேரம்தான். தரையில் படுத்து ஒன்றும் செய்யாமல் இருக்க ஒரு மணி நேரம். அதைக் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது, விழுந்து எழுந்த மனுஷரிடம், ஒரு மணி நேரம் இல்லாமல் இருங்களேன் என்று? கேட்க முடியாததைப் பட்டையிடம் கொடுத்துக் கேட்க வைத்தாள். இல்லை, அப்படியெல்லாம் இல்லை, அவளுக்கு நிஜமாகவே எண் தெரியவில்லை. தெரியவில்லைதான். பன்னிரண்டு அடி. இரண்டும் உண்மை, இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன, எதை நிறுத்தினாலும் மற்றது வந்து இடித்தது. அவர் விழுந்திருந்தால் ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்பார்கள், அவள் பட்டையைப் பற்றிச் சொல்வாள், எல்லோரும் தலையாட்டுவார்கள், பாவம் வயசானவங்க, போனெல்லாம் புரியாது. யாரும் பன்னிரண்டு அடியைக் கேட்க மாட்டார்கள். அதுதான் எல்லாவற்றிலும் பயமாக இருந்தது, யாரும் கேட்கமாட்டார்கள் என்பது.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மாடிப்படியில் நின்று, "மெஹரூன், ஆட்டோ சொல்லும்மா" என்றாள். குடையை எடுத்தாள், பூட்டை எடுத்தாள், கோடு போட்ட பாட்டிலை எடுத்தாள். ஒரு காலில் செருப்பு மாட்டி மற்ற காலுக்கு முழங்கால் மடங்காமல் தடவிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. முதலில் மஞ்சள் பை இறங்கியது, பிறகு ஒரு கால், பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை, பிறகு ஏகாம்பரம். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. தலையில் கைக்குட்டையை நான்கு மூலையும் முடிச்சிட்டுப் போட்டிருந்தார். மெதுவாக, ஆனால் தானாக, நடந்து வந்தார். கேட்டைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அவளுடைய ஒற்றைச் செருப்பைப் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"போன் எங்கே?"

"ஜாருக்குள்ள."

"எதுக்கு?"

"சட்டைப் பையில வெச்சா சூடாயிடுதுன்னு அதுக்குள்ள போட்டேன். மூடியும் போட்டுட்டேன். கடையில அந்த ஆள் இல்ல, பன்னெண்டுக்கு வருவான்னாங்க, வரவே இல்ல. பக்கத்து ஏடிஎம்முக்குள்ள ஏசி இருந்துச்சு, அங்க நின்னுகிட்டேன். கார்டை விட்டு எடு, விட்டு எடுன்னு எத்தனை தடவைதான் பண்றது, வாட்ச்மேன் வந்து பெரியவரே என்ன வேணும்னான். காத்து வேணும்ப்பான்னேன்."

அவரைச் சுவரில் சாய்த்து நிற்கவைத்து நாடியைப் பிடித்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் அவசரமாக. தோலில் வியர்வை இருந்தது. வியர்வை இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாடியிலிருந்து மெஹரூன் எட்டிப் பார்த்து, "சார் வந்தாச்சா, ஆட்டோ வேணாம்னு சொல்லிடட்டா?" என்றாள். குணசுந்தரி தலையசைத்தாள். உள்ளே கூட்டிவந்து மின்விசிறிக்கடியில் உட்காரவைத்து, பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். அவர் வழக்கம்போலக் கோட்டைப் பார்த்தார். "பார்க்காதீங்க, குடிங்க" என்றாள். அவர் குடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு, வகுப்பில் ஒருநாளும் சொல்லியிராத ஒரு வாக்கியத்தைச் சொன்னாள், எழுவாய் இல்லாமல். "தப்பாப் படிச்சுட்டேன்."

"எதை?"

"பட்டையை. இன்னைக்கு நாப்பத்திரண்டு."

"தெரியும்" என்றார் ஏகாம்பரம். வாயைத் துடைத்துக்கொண்டார். "நீ காபிக்குத் தண்ணி வைக்கும்போது பார்த்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தேன்."

குணசுந்தரி உட்கார்ந்தாள், அவருக்கு எதிரே, தரையிலேயே. "தெரிஞ்சா எதுக்குப் போனீங்க?"

அவர் தலையிலிருந்த கைக்குட்டையை எடுத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். "நீ பச்சைன்னு சொன்ன. முப்பத்தாறு வருஷம் சிக்னல் பார்த்தவன், போட்டவங்க முகத்தைப் பார்த்தா தெரியாதா? பதினாலு மாசத்துல ஒருநாள்கூட நீ என்னைப் போன்னு சொன்னதில்ல. இன்னைக்குச் சொன்ன. சரி, உனக்கு நான் போகணும்போலன்னு போனேன்." பிறகு, அவருக்குள்ள சாதாரணக் குரலில், எறும்பைப் பற்றிச் சொல்லும் அதே குரலில், "என்ன பண்ணின இவ்ளோ நேரம்?" என்றார்.

"ஒண்ணும் பண்ணல. படுத்துட்டிருந்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்வதுதான் முறை. பயந்துபோய் செத்துப்போனேன் என்று சொல்லலாம், அதுவும் பொய்யில்லை. ஆனால் கேட்கப்பட்டது அதுவல்ல, கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுத வேண்டும். அவள் யோசித்து, நேரத்தைச் சரிபார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இருந்துச்சு. பதினொன்னரை வரைக்கும்."